மீன் வண்டி சேஸில் துரு: கறுப்புக் கோட்டிங் அடித்தால் போதுமா?

பாம்பன் லோடு:

வணக்கம். பாம்பன், மண்டபம் பக்கமிருந்து மதுரைக்கு மீன் ஏற்றும் சின்ன பிக்கப் என்னுடையது. ஏழு வருட வண்டி. இஞ்சின், கியர் எல்லாம் நன்றாக இருக்கிறது, பிரச்சினை அடியில்தான். பின்சக்கரத்தைக் கழற்றியபோது சேஸின் உள்பக்கம் தடவிப் பார்த்தேன், துரு செதில் செதிலாகக் கையோடு வருகிறது. பின் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டியிருக்கும் பிராக்கெட் பக்கம் இன்னும் மோசம். பிளாட்பாரத் தகட்டின் ஓரத்தில் இரண்டு இடத்தில் ஓட்டை விழுந்து ரோடு தெரிகிறது.

எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) சோதனை வேறு வரப்போகிறது. இங்கே ஒரு வாட்டர் சர்வீஸில், "நல்லா பிரஷர் அடிச்சு கறுப்பு அண்டர்கோட் போட்டுத் தர்றேன், சாயங்காலம் எடுத்துக்கிட்டுப் போங்க" என்கிறார்கள். இன்னொருவர், கழிவு ஆயில் தடவினால் போதும், காசு வீண் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? கடற்கரையில் வண்டி வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?

பழைய டிங்கர்:

சாயங்காலமே எடுத்துக்கொண்டு போகச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள் தம்பி.

தாரும் ரப்பரும் கலந்த அந்தக் கோட்டிங் நல்ல தகட்டில் ஒட்டினால் நல்ல பொருள்தான். துருவின் மேல் அடித்தால் அது தகட்டில் ஒட்டாது, செதிலில்தான் ஒட்டும். செதிலோ ஏற்கெனவே தகட்டை விட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உப்புத் தண்ணீர் போய் உட்கார்ந்தால் வெளியே வர வழியில்லை, காயவும் காயாது. மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும், ஸ்க்ரூடிரைவரை வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் உள்ளே போய்விடும். அப்படி என் பட்டறைக்கு வந்த வண்டிகள் நிறைய. கோட்டிங் போடாத வண்டியாவது துருவைக் கண்ணுக்குக் காட்டும்.

முதலில் சேதம் எவ்வளவு என்று பாருங்கள். சின்னச் சுத்தியலால் சேஸ் நீளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். உறுதியான இரும்பு கணீரென்று கேட்கும், அரித்த இடம் சப்பென்று இருக்கும், செதிலும் கொட்டும். ஆக்சில் கூடு, டிஸ்க் ஓரம் இவற்றில் இருக்கும் செந்துருவைக் கண்டு பயப்பட வேண்டாம். அவை கனமானவை, அந்தத் துரு மேலோடு நிற்கும். கமான் பிராக்கெட், குறுக்குச் சட்டம் வந்து சேரும் மூலைகள், பிரேக் பைப், டீசல் பைப் இந்த நான்கையும் உற்றுப் பாருங்கள். பிரேக் பைப்பின் மேல் துரு குமிழ் குமிழாக எழும்பியிருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். சாதாரணமாக மிதிக்கும்போது தாங்குகிற பைப், அவசரத்தில் ஓங்கி மிதிக்கும்போதுதான் வெடிக்கும்.

ஒரு விஷயம்: ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்ட் வையுங்கள், கிடைக்காவிட்டால் கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். செங்கல் வேண்டவே வேண்டாம், பாரத்தில் பொடிந்துவிடும்.

உப்பளத்து லாரி:

டிங்கர் அண்ணன் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் தூத்துக்குடியில் உப்பு லோடு ஏற்றும் எங்களுக்குக் கழிவு ஆயில்தான் கை கொடுக்கிறது. எங்கள் அப்பா காலத்திலிருந்தே இதுதான் வழக்கம். மாதம் ஒருமுறை பிரஷ்ஷில் தொட்டு சேஸ் முழுக்கத் தடவுவோம். காசு கிடையாது, மூலை முடுக்கெல்லாம் தானாகவே ஊறிப் போகும். ஆயில் படிந்த இடத்தில் துரு ஏறி நான் பார்த்ததில்லை. கறுப்புக் கோட்டிங் எல்லாம் காருக்குச் சரி, லோடு வண்டி சேஸ் முறுக்கும் முறுக்கில் விரிசல் விட்டுவிடும்.

காரைக்குடி அமிலம்:

உப்பளத்து லாரி சொல்வதில் பாதி சரி. ஆயில் ஊறும், தண்ணீரை விலக்கும், அதெல்லாம் உண்மை. ஆனால் இஞ்சினில் ஓடிக் கழிந்த ஆயிலில் அமிலமும் உலோகத் துகளும் கலந்திருக்கும். அது புஷ், ரப்பர் ஹோஸ் மேல் பட்டால் ரப்பர் ஊதிப்போகும். சைலன்சர் பக்கம் சொட்டினால் புகையும், சமயத்தில் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. தோலுக்கும் கேடு. மழையில் கழுவிக்கொண்டு போவது நேராக மண்ணுக்கும் ஓடைக்கும். மீன் ஏற்றும் வண்டியில் அந்த வேலை வேண்டாம். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் டீசல் ஸ்பிரே அடிப்பார்களே, அதுவும் ரப்பருக்கு ஆகாது. டீசல் ஆவியாகிப் போனபின் மிஞ்சுவது புழுதி ஒட்டுகிற பிசுக்குதான்.

பாம்பன் நண்பர் கவனிக்க வேண்டியது உப்பைத்தான். இரும்புக்குத் துரு பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் போதும். உப்பு சேர்ந்தால் அந்தத் தண்ணீரில் மின்னோட்டம் எளிதாகப் போகும், அரிப்பு வேகமெடுக்கும். அதோடு குளோரைடு, இரும்பின் மேல் படியும் பாதுகாப்புப் படலத்தையும் நிற்க விடாது. உப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி தானாகக் கசிகிறதே, அதேதான் சேஸிலும் நடக்கிறது. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுத்துக்கொண்டு கரைசலாகிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். மண்டபத்துக் காற்று அதற்குக் கீழே இறங்குகிற நாள் எது? ஆகவே வெயிலில் நிறுத்திக் காயவைத்தேன் என்றாலும் உப்பு ஒட்டியிருக்கும் வரை அந்த இரும்பு உள்ளுக்குள் நனைந்தேதான் இருக்கும்.

எங்கள் ஊரில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் (சிக்ரி), உலோக அரிப்புச் சோதனைக்கு என்று மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருப்பது சும்மா இல்லை. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியதற்கும் அரிப்புதான் காரணம். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சு என்று போனதும் இந்தக் காற்றுக்குப் பயந்துதான். உங்கள் வண்டி தினமும் அந்தப் பாலத்துக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது.

பாம்பன் லோடு:

நன்றி. அப்படியானால் தினமும் கழுவினால் போதுமா? வீட்டில் போர் தண்ணீர் இருக்கிறது, அதில்தான் பிளாட்பாரத்தைக் கழுவுகிறேன்.

காரைக்குடி அமிலம்:

அந்தப் போர் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். உவர்ப்பாக இருந்தால் நீங்கள் உப்பைக் கழுவவில்லை, புதிதாகப் பூசுகிறீர்கள். மீன் கழிவு போக அதில் அடித்துக்கொள்ளலாம், தப்பில்லை. கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில் இருக்கட்டும். நாலு குடம் கிடைத்தாலும் போதும், பிளாட்பாரத்தை விட்டுவிட்டு சேஸின் உள்பக்கத்துக்கு ஊற்றுங்கள். மதுரையில் லோடு இறக்கியதும் அங்கேயே நல்ல தண்ணீரில் அடித்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது. திரும்பி வரும் வழியிலேயே காற்றில் காய்ந்துவிடும்.

நாமக்கல் பாடி:

எல்லோரும் பெயின்ட், ஆயில் என்று பேசுகிறீர்கள். அந்தத் தண்ணீர் சேஸுக்கு ஏன் வருகிறது என்று யாரும் கேட்கவில்லையே!

மீன் வண்டியில் கடல் காற்றைவிடப் பெரிய எதிரி பெட்டியிலிருந்து வடிகிற ஐஸ் தண்ணீர். மீனோடு வந்த கடல் தண்ணீரும் ரத்தமும் கலந்தது அது. பிளாட்பாரத்தின் இடுக்கு வழியாக இறங்கி சேஸின் மேல் விழும், அங்கிருந்து கமான் பிராக்கெட்டில் போய்த் தேங்கும். உங்கள் வண்டியில் துரு அதிகம் என்று நீங்கள் சொன்ன இடத்தைப் பாருங்கள், அதற்கு நேர் மேலேதான் பிளாட்பார ஓட்டை இருக்கும். இருக்கிறதா இல்லையா, பார்த்துச் சொல்லுங்கள்.

இதை அடைக்காமல் எந்தக் கோட்டிங் போட்டாலும் அடுத்த வருடம் இதே கேள்வியோடு வருவீர்கள். எங்கள் பக்கம் மீன் வண்டிக்குச் செய்வது இதுதான்: ஓட்டைத் தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு, அதன் மேல் ஃபைபர் லைனிங், ஓரத்தை ஒரு சாண் உயரத்துக்கு மேலே ஏற்றிவிட வேண்டும். தளத்துக்குப் பின்பக்கமாக லேசான சரிவு. பின்மூலையில் ஒரு வடிகால் வாய், அதில் வால்வு போட்ட ஹோஸ். அந்த ஹோஸ் சேஸையும் ஆக்சிலையும் தாண்டிப் பின்னால் தொங்க வேண்டும். ரோட்டில் ஒழுகவிடாமல், நிறுத்துகிற இடத்தில் வால்வைத் திறந்து விடலாம். பின்னால் வருகிற பைக்காரரும் வழுக்கி விழமாட்டார்.

இன்னொன்று, பாடிக்கும் சேஸுக்கும் நடுவில் மரக்கட்டை பேக்கிங் இருந்தால் கட்டாயம் எடுத்துப் பாருங்கள். மரம் உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வருடக்கணக்கில் சேஸின் முதுகிலேயே வைத்துக்கொண்டிருக்கும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

ஸ்கார்பரோ தமிழன்:

டொரண்டோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே கடல் இல்லை, ஆனால் பனிக்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். பனி உறையாமல் இருக்க அது வேண்டும், ஆனால் கார்களைத் தின்றுவிடும். நான் ஊரில் ஓட்டியதைவிட இங்கேதான் துருவோடு அதிகம் மல்லுக்கட்டுகிறேன்.

இங்கே பலரும் வருடம் ஒருமுறை, பனிக்கு முன்னால், மெல்லிய ஆயில் ஸ்பிரே அடிக்கிறார்கள். காய்ந்து இறுகாத வகை அது. கதவின் அடி, சேஸின் உள்ளறை எல்லாவற்றிலும் நீளக் குழாயை விட்டு அடிப்பார்கள். ஒன்றிரண்டு நாள் தரையில் சொட்டும். கழிவு ஆயில் இல்லை, துருத் தடுப்புக்கென்றே தயாரித்தது. உப்பளத்து லாரி சொல்கிற ஊறும் குணம் இதிலும் உண்டு. லானோலின் என்கிற ஆட்டு ரோமக் கொழுப்பில் செய்ததும் கிடைக்கிறது. தார்க் கோட்டிங்கில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது, குளிரில் இறுகி விரிசல் விட்டால் டிங்கர் ஐயா சொன்ன கதைதான்.

இங்கே கற்றுக்கொண்ட இன்னொன்று: உப்புச் சேறோடு வந்த காரைச் சூடேற்றிய கராஜில் நிறுத்தினால், வெளியே குளிரில் நிற்கிற காரைவிட வேகமாகத் துரு ஏறும். உறைந்து கிடந்தது உருகி, வெதுவெதுப்பில் வேலையைத் தொடங்கிவிடும். உங்களுக்கு வருடம் முழுக்க அந்த வெதுவெதுப்புதான்.

ஈசிஆர் வாசி:

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது கார், வீடு கோவளத்தில். பேட்டரியில் மாட்டினால் காரின் துருவையே நிறுத்திவிடும் என்று ஒரு மின்னணுப் பெட்டி விற்கிறார்களே, வாங்கலாமா? கப்பலுக்குத் துத்தநாகக் கட்டி வைப்பது போலத்தான் என்று விளக்குகிறார்கள்.

காரைக்குடி அமிலம்:

வாங்காதீர்கள். கப்பலின் அடிப்பாகம் கடலுக்குள் முழுதாக மூழ்கியிருக்கிறது. துத்தநாகத்திலிருந்து இரும்புக்கு மின்னோட்டம் போக அந்தத் தண்ணீரே பாதை, அதனால் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றுகிறது. காரின் அடியில் இருப்பது அங்கொன்றும் இங்கொன்றுமாக ஈரத் திட்டுகள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. பெட்டியை மாட்டிய இடத்திலிருந்து கதவின் அடிக்கு மின்னோட்டம் போகப் பாதையே கிடையாது. துத்தநாகம் வேண்டுமென்றால் தகட்டிலேயே பூசியிருக்க வேண்டும், கால்வனைஸ் செய்த தகடு அதுதான்.

பழைய டிங்கர்:

கோவளம் தம்பி, பெரும்பாலான கார்களில் தனிச் சேஸ் கிடையாது, பாடியே சேஸ். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தில் சின்னச் சின்ன வடிகால் துளைகள் இருக்கும். அவற்றில் மண் அடைத்திருந்தால் குத்தி எடுங்கள். கோட்டிங் அடிப்பவர்கள் அந்தத் துளைகளையும் சேர்த்து மூடிவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லி ரப்பர் கார்க் வைத்து மறைக்கச் சொல்லுங்கள். 2015, 2023 வெள்ளங்களில் நின்ற கார் என்றால் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள், அங்கே துரு மேலிருந்து கீழே வரும்.

பாம்பன் லோடு:

நாமக்கல் அண்ணே, நீங்கள் சொன்னது அப்படியே சரி. பிளாட்பார ஓட்டைக்கு நேர் கீழேதான் அந்தப் பிராக்கெட். பாடியைத் தூக்கி இறக்கியாகிவிட்டது. மரக்கட்டை பேக்கிங் இருந்தது, பிழிந்தால் தண்ணீர் வரும் போலிருக்கிறது. அதற்கடியில் சேஸின் மேல்முகம் உள்ளங்கை அகலத்துக்கு மெலிந்திருக்கிறது. வலது பக்க பிராக்கெட்டுக்கு முன்னால் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போகிறது. இனி வரிசையாக என்ன செய்வது? பட்டறையில் என்ன சொல்லி வேலை வாங்குவது?

நாமக்கல் பாடி:

ஓட்டை விழுந்த இடத்துக்கு வெல்டிங்தான், பட்டி வைத்து மூடி எஃப்.சி.க்குக் கொண்டுபோகலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அரித்த பகுதியை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் தகடு வைத்துக் கட்ட வேண்டும். மேலே போடும் ஒட்டுத் தகட்டின் முனைகள் நேராக இருக்கக் கூடாது, சாய்வாக வெட்டியிருக்க வேண்டும். சேஸுக்குக் குறுக்கே நேர்க்கோட்டில் வெல்டு ஓடினால் லோடு ஏறி இறங்கும்போது அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். சேஸின் மேல்முகத்திலும் கீழ்முகத்திலும் புதுத் துளை போட விடாதீர்கள், பாரத்தை அதிகம் தாங்குவது அந்த இரண்டும்தான். பிராக்கெட் மெலிந்திருந்தால் கம்பெனி பிராக்கெட் புதிதாக வாங்கி மாட்டுங்கள். இரண்டு பக்கமும் பெரிய அளவில் மெலிந்திருந்தால் நேரில் பார்க்காமல் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரி டெர்மினலைக் கழற்ற வேண்டும், இசியு (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். டேங்க், டீசல் பைப், ஒயர் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

பழைய டிங்கர்:

துரு எடுக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் நல்ல தண்ணீரில் பிரஷர் அடித்துச் சேற்றையும் உப்பையும் எடுங்கள். காய்ந்ததும் தடிமனான செதிலைச் சுத்தியல், உளி வைத்துத் தட்டி எடுங்கள். நேராக கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி ஓட்டுகிறார்கள், அது துருவை எடுப்பதைவிடத் துருவுக்கே பாலிஷ் போட்டுவிடும். பழுப்பாக மின்னும், பார்க்கிறவர் இரும்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். உப்புத்தாள் மடல்கள் அடுக்கிய ஃப்ளாப் டிஸ்க் நல்லது. பாடி இறக்கியாகிவிட்டதால் மணல் பிளாஸ்டிங் வசதி பக்கத்தில் இருந்தால் அதுவே மேல். கண்ணாடியும் மாஸ்க்கும் இல்லாமல் யாரும் நிற்க வேண்டாம்.

சுரண்டி முடிந்ததும் மறுபடி ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. குழிகளுக்குள் ஒளிந்திருக்கும் உப்பு செதில் போன பிறகுதான் வெளியே தெரியும். உடனே ஏர் அடித்துக் காயவைத்து, அதே நாளில் பிரைமர் அடித்துவிட வேண்டும். இரவு விட்டால் மண்டபத்துக் காற்றில் காலையில் மஞ்சளாக நிற்கும்.

காரைக்குடி அமிலம்:

பிரைமர் பற்றி ஒரு சேர்க்கை. துரு முழுக்கப் போய் வெறும் இரும்பு தெரிகிற இடத்தில் துத்தநாகம் அதிகமுள்ள ஜிங்க் பிரைமர் அடித்தால் நல்ல பலன். ஆனால் அந்தத் துத்தநாகம் இரும்பை நேராகத் தொட வேண்டும். துருவின் மேல் அடித்தால் அது வெறும் சாம்பல் பெயின்ட்.

கை போகாத மூலைகளில் மெல்லிய, இறுக்கமான துரு மிஞ்சத்தான் செய்யும். அங்கே ரஸ்ட் கன்வெர்ட்டர் போடலாம். அதில் டானிக் அமிலம் அல்லது பாஸ்போரிக் அமிலம் இருக்கும். டானிக் அமிலம் துருவோடு சேர்ந்து கறுப்பாக மாறும். கலம்காரிக்காரர்கள் கடுக்காயையும் இரும்புக் கரைசலையும் வைத்துக் கறுப்பு எடுப்பதும் இதே வேதியியல்தான். எளிதில் கரையாத படலம் அது, ஆனால் அதுவே பூச்சு ஆகிவிடாது, மேலே பெயின்ட் வேண்டும். செதில் செதிலான துருவின் மேல் ஊற்றினால் மேல்தோல் கறுக்கும், அடியில் அரிப்பு தொடரும். எபாக்சி பிரைமர் அடிக்கப்போவதாக இருந்தால், அந்தக் கன்வெர்ட்டரின் மேல் அது ஒட்டுமா என்று டப்பாவில் பார்த்துவிடுங்கள். அமில மிச்சம் இருந்தால் சில எபாக்சி சரியாக இறுகாது.

நம் ஊர்ப் பட்டறைகளில் கேட்காமலே அடிக்கும் ரெட் ஆக்சைடு உள்ளூர் கிரில் கேட்டுக்குப் போதும். இந்த வேலைக்கு, இரண்டு டப்பாவாக வந்து கலந்து அடிக்கிற எபாக்சி பிரைமர் கேளுங்கள், அதன் மேல் பாலியூரித்தேன் டாப்கோட். தார்க் கோட்டிங் வேண்டுமென்றால் சக்கரம் கல் அடிக்கிற இடத்தில் மட்டும், இதெல்லாம் முடிந்த பிறகு.

பாம்பன் லோடு:

சேஸின் முன்பாதி பெட்டி மாதிரி மூடியிருக்கிறது. அதன் உள்ளே எப்படிச் சுரண்டுவது?

ஸ்கார்பரோ தமிழன்:

சுரண்ட முடியாது. இருக்கிற துளை வழியாகத் தண்ணீரை விட்டு அலசி, கீழே சுத்தமாக வருகிற வரை விடுங்கள். நாலைந்து நாள் நன்றாகக் காயட்டும். அப்புறம் கேவிட்டி வாக்ஸ் (உள்ளறைகளுக்கு அடிக்கும் மெழுகு) என்று கேட்டு, நீளக் குழாயோடு வருவதை வாங்கி, குழாயைக் கடைசிவரை உள்ளே விட்டு இழுத்துக்கொண்டே அடியுங்கள். பெட்டிக்குள் பெயின்டைவிட இதுதான் பொருத்தம். வருடம் ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும்.

பழைய டிங்கர்:

எதையும் அடிக்கக் கூடாத இடங்களையும் எழுதிவிடுகிறேன், ஸ்பிரே கையில் வந்துவிட்டால் பையன்கள் நிறுத்தமாட்டார்கள். சைலன்சர், பிரேக் டிரம், டிஸ்க், ஹேண்ட் பிரேக் கேபிள், புஷ், கியர்பாக்ஸ் மற்றும் ஆக்சிலின் மூச்சுத் துளை, சென்சார் ஒயர். ப்ரொப்பல்லர் ஷாஃப்டில் தடியாகக் கோட்டிங் ஏறினால் பேலன்ஸ் போய் வண்டி அதிரும்.

உப்பளத்து லாரி:

சரி, சேஸுக்குக் கழிவு ஆயில் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். கமான் பட்டைக்கு? அதில் பெயின்ட் நிற்காதே. பட்டைக்கு நடுவில் துரு ஏறி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கிறது.

பழைய டிங்கர்:

துரு ஊதினால் இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதனால்தான் தள்ளுகிறது. கமான் கட்டைப் பிரித்து, பட்டைகளைத் தேய்த்து, நடுவில் கிராஃபைட் கிரீஸ் வைத்துக் கட்டுங்கள். குழி விழுந்த பட்டையை மாற்றிவிடுங்கள், முறிவு அந்தக் குழியில்தான் தொடங்கும். உங்கள் வண்டியின் பட்டை எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு போட்டோ போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.